ஷட்ஜம் இறங்கிய கருவி: திருநகரில் கட்டிய பெடல் ஸ்டீல் கிட்டார் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை திருநகரில் என் தாய்மாமாவின் வீட்டுக் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் கட்டிய பத்துத் தந்தி பெடல் ஸ்டீல் கிட்டார், முதன்முறையாக முழுச் சுருதியில் நின்ற காலையில் எங்கள் இருவருக்கும் ஒரு புதிரைக் கொடுத்தது. முதல் இரண்டு மிதிகளையும் சேர்த்து மிதித்தால் 3, 5, 6, 10 ஆகிய நான்கு தந்திகள் ஏற வேண்டும். மற்ற ஆறும் அசையாமல் நிற்க வேண்டும். ஏற வேண்டியவை ஏறின. ஆனால் அந்த இரண்டு மிதிகளோடு எந்தக் கம்பியாலும் இணைக்கப்படாத நான்காம் தந்தி தானாகவே 9 சென்ட் இறங்கியது. மிதியை விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அரைச் சுரத்தை நூறாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு ஒரு சென்ட். அந்த 9 சென்ட் எங்கே போயிற்று, அதை எந்தத் தவறான இடத்தில் முதலில் தேடினோம், கடைசியில் எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

கருவியைப் பற்றிச் சிறிது சொல்லாமல் சிக்கலை விளக்க முடியாது. பெடல் ஸ்டீல் கிட்டார், மடியில் படுக்க வைத்து உருக்குக் கட்டையால் வழுக்கி வாசிக்கும் ஹவாய்க் கிட்டாரின் வழிவந்தது. கிப்சன் நிறுவனம் 1940இல் எலெக்ட்ராஹார்ப் என்ற பெயரில் மிதியுள்ள கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதும், சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தி ஒரு தந்தியை மட்டும் இழைய விடும் உத்தி, 1954இல் வெளிவந்த வெப் பியர்ஸின் பாட்டு ஒன்றில் பட் ஐசக்ஸ் வாசித்த பிறகுதான் பரவியது. நம் கோட்டுவாத்தியத்தில் வலது கை மீட்ட, இடது கைக் கட்டை தந்திகளின் மேல் வழுக்கிச் சென்று கமகம் தருகிறது. கட்டை நகர்ந்தால் அதன் கீழுள்ள தந்திகள் எல்லாம் ஒன்றாகவே நகரும். பெடல் ஸ்டீலில் கட்டை ஓரிடத்தில் நிற்க, ஒரு தந்தி நகரவும் அதன் பக்கத்துத் தந்தி நிற்கவும் முடியும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான் அடியில் இத்தனை நெம்புகளும் தண்டுகளும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது ஈ-9 எனப்படும் சுருதியமைப்பு. வாசிப்பவரிடமிருந்து தொலைவில் உள்ள தந்தியில் தொடங்கி எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி என்று வரிசை வரும். முதல் மிதி 5, 10ஆம் தந்திகளைப் பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். இரண்டாம் மிதி 3, 6ஆம் தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-வுக்கு ஏற்றும். ஈ-யை ஷட்ஜமாக வைத்துப் பார்த்தால் நம் காதுக்கு இது உடனே புரியும்: அந்தர காந்தாரம் சுத்த மத்யமத்துக்கும், பஞ்சமம் சதுச்ருதி தைவதத்துக்கும் ஏறுகின்றன, ஷட்ஜம் மட்டும் அப்படியே நிற்கிறது. அப்படி நிற்க வேண்டிய ஷட்ஜம்தான் எங்கள் கருவியில் இறங்கியது. சுருதிப் பெட்டியை ஓடவிட்டு வாசித்தால், பயிற்சி இல்லாதவரும் முகம் சுளிக்கும் அளவுக்கு அந்த இறக்கம் கேட்டது.

மாமா நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இசை அவருக்குத் தெரியாது, உலோகம் தெரியும். எனக்கு நேர்மாறு. என் தந்தை விட்டுச்சென்ற ஹவாய்க் கிட்டாரை நான் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, மிதியுள்ள கருவி எப்படி வேலை செய்கிறது என்று அவர் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து இந்த வேலை தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து புதிய கருவியை வரவழைக்கச் சில லட்சங்கள் ஆகும் என்பதால் வாங்கும் பேச்சு எழவே இல்லை.

முதல் உடல் பலா மரத்தில் அமைந்தது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா என்பது நம் பக்கத்தில் மரபாக ஊறிய எண்ணம். அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டோம். மிதியிலிருந்து தந்திக்கு இழுவையைக் கடத்த, சைக்கிள் பிரேக் கேபிள்களைப் பயன்படுத்தினோம். கேபிள் என்ற எண்ணம் தவறானதல்ல. 1950களின் பிற்பகுதியில் ஃபெண்டர் நிறுவனத்தின் பெடல் ஸ்டீல்களும் வடக் கம்பியால்தான் இயங்கின. ஆனால் அவை உறையில்லாத வடங்கள். நாங்கள் போட்ட கேபிளுக்கு உறை இருந்தது. மிதிக்கும்போது உறை சிறிது நசுங்கியது, உள்ளே உராய்வு ஒவ்வொரு முறையும் வேறுபட்டது, எனவே ஒரே மிதி காலையில் ஓரிடத்திலும் மாலையில் வேறோரிடத்திலும் நின்றது. இரண்டு மாதத்தில் கேபிள்களைக் கழற்றிவிட்டு, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத உருக்கு) வெல்டிங்குக்குப் பயன்படும் 3.2 மி.மீ. ஃபில்லர் ராடுகளை இழுகம்பிகளாகப் போட்டோம். ஒரு மீட்டர் நீளத்தில் நேராகவே கிடைக்கும் இந்த ராடைவிட இந்த வேலைக்குப் பொருத்தமான பொருளை வீட்டுப் பட்டறையில் தேட வேண்டியதில்லை. மிதி நிலைக்குத்தான கம்பியை இழுக்கும். அது குறுக்குத் தண்டைச் சுழற்றும். தண்டின் மேலுள்ள பெல் கிராங்க் என்ற சிறு நெம்பு இழுகம்பியை இழுக்கும். கம்பியின் முனையிலுள்ள நைலான் திருகு, தந்தி சுற்றிச் செல்லும் அலுமினிய விரலைத் திருப்பும். விரல் திரும்பினால் தந்தி நீளும். பொறிமுறை இவ்வளவுதான்.

பத்து விரல்களும் ஒரே அச்சில் வரிசையாகக் கோத்து நிற்கும் பகுதிக்குச் சேஞ்சர் என்று பெயர். தந்திகளுக்கு நடுவே 8.7 மி.மீ. இடைவெளி; 8 மி.மீ. அலுமினியப் பட்டையில் வெட்டிய விரல், மீதி இடத்துக்கு மெல்லிய வாஷர். நான்காம், எட்டாம் தந்திகளை முழங்கால் நெம்பால் ஏற்றவும் இறக்கவும் வேண்டியிருந்ததால், அவற்றின் விரல்களுக்குப் பின்னால் இறக்கத்துக்கான தனித் துண்டும், அதைத் தடையோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் தேவைப்பட்டன. கே.புதூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் துளைகளைச் சரியாகப் போட்டுக் கொடுத்தார். ஆனால் விரலின் தலைப்பகுதி வளைவை இயந்திரத்தில் எடுக்க அவருக்கு நேரமில்லை. அதற்காகத் திண்டுக்கல்லில் பூட்டு செய்யும் ஒருவரிடம் போனோம். நெம்புப் பூட்டின் உள்தகடுகளைக் கண்ணாலும் விரல் நுனியாலும் ஒன்றுக்கொன்று பொருத்தி ராவும் கை அவருடையது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இது பூட்டுதாண்ணே, சாவிக்குப் பதிலா காலு" என்றார். பத்து விரல்களையும் இரண்டே நாளில் அரத்தால் ராவி, எமரித் தாளால் தேய்த்துக் கொடுத்தார். அவற்றை அடுக்கி மேலே ஓர் இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தபோது அடியில் வெளிச்சம் தெரியவில்லை.

இந்தக் கருவியில் அளவுகள் எவ்வளவு நுண்மையானவை என்பதை நான் ஒரு கணக்குப் போட்ட பிறகே முழுமையாக உணர்ந்தேன். தந்தியின் ஒலிக்கும் நீளம் 24 அங்குலம், அதாவது 610 மி.மீ. ஐந்தாம் தந்தி 0.43 மி.மீ. தடிப்புள்ள உருக்குக் கம்பி. பி சுரத்தில், நொடிக்கு 247 அதிர்வில், அதன் இழுவிசை சுமார் 10.6 கிலோ. சி ஷார்ப்புக்கு ஏறும்போது அது 13.4 கிலோ ஆகிறது. இந்த 2.8 கிலோ கூடுவதற்கு, நட்டுக்கு (தலைப்பகுதியில் தந்தி ஏறி நிற்கும் மேடு) அப்பால் சுருதிச் சாவி வரை உள்ள பகுதியையும் சேர்த்து 700 மி.மீ. நீளமுள்ள தந்தி, வெறும் 0.65 மி.மீ. நீண்டால் போதும். ஒரு முழுச் சுரமே முக்கால் மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது என்றால், ஒரு சென்ட் என்பது இந்தத் தந்தியில் 3 மைக்ரான். இன்னும் மெல்லிய நான்காம் தந்தியில் 5 மைக்ரான். ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்துத் தந்திகளும் சேர்ந்து உடலை இழுக்கும் விசையோ சுமார் 120 கிலோ. இரண்டு மூட்டை அரிசியின் சுமையைத் தாங்கிக்கொண்டே, தலைமயிரின் தடிப்பிலும் பல மடங்கு குறைந்த அளவுக்கு அசையாமல் நிற்க வேண்டிய பொருள் இது.

மாமாவிடம் இந்தக் கணக்கைக் காட்டியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ஆலையில் ரோலர்களின் ஓட்டத்தைப் பார்க்கப் பயன்படுத்திய, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தார். இந்த ஆய்வில் எங்களுக்குக் கிடைத்த விடைகள் எல்லாம் அந்த டயல் கேஜிலிருந்தும், அதை எங்கே வைப்பது என்ற கேள்வியிலிருந்தும் வந்தவை.

9 சென்ட் புதிருக்கு முன்பே ஒரு சிறிய சிக்கலைத் தீர்த்திருந்தோம். ஐந்தாம் தந்தி மிதியை விட்ட பிறகு பி-க்குத் திரும்பாமல் 6 சென்ட் கீழேயே நின்றது. நட்டுக்கு அப்பால் தந்தியைக் கைவிரலால் லேசாக அழுத்தி விட்டால் சரியாகிவிடும். காரணம் மறுமுனையில் இருந்த பித்தளை நட். மிதிக்கும்போது நட்டின் காடியில் தந்தி இழுபட்டு வருகிறது. விடும்போது உராய்வு அதைத் திரும்ப விடுவதில்லை, நட்டுக்கு அப்பாலுள்ள சிறு பகுதி இறுகியும் இப்பாலுள்ள பகுதி தளர்ந்தும் நின்றுவிடுகின்றன. காடிகளை நீக்கிவிட்டு, ஒவ்வொரு தந்திக்கும் தனியே சுழலும் பித்தளை உருளை போட்டு, ஸ்பிண்டில் ஆயில் ஒரு சொட்டு விட்டபோது மீள்பிழை ஒரு சென்டுக்குள் வந்தது. தந்தியின் தடிப்புக்கு ஏற்ப உருளைகளின் காடி ஆழத்தை மாற்றி, தந்திகளின் மேற்பரப்பு ஒரே மட்டத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும் என்பதை முதல் முறை மறந்துவிட்டோம். கட்டை மெல்லிய தந்தியைத் தொடாமல் கடந்து சென்றது. உருளைகளை மறுபடியும் கடைய வேண்டியதாயிற்று.

இப்போது அந்த 9 சென்ட். இதற்கு வாசிப்பவர்களிடையே கேபினட் டிராப் என்ற பெயரே உண்டு. மிதிக்கும்போது கூடும் இழுவையால் உடல் நுண்ணிய அளவில் வளைய, தலைப்பகுதியும் சேஞ்சரும் ஒன்றையொன்று நெருங்கி, மற்றத் தந்திகள் தளர்கின்றன என்பது விளக்கம். பெயரிலேயே பெட்டி இருப்பதால் நாங்கள் பெட்டியைச் சந்தேகித்தோம். பலா இளகிய மரம், வளைகிறது, எனவே கெட்டியான மரம் வேண்டும் என்று முடிவு செய்தோம். அமெரிக்காவில் இதற்கு மேப்பிள் பயன்படுத்துகிறார்கள். தேக்கின் வளையா உறுதி அந்த மேப்பிளுக்கு ஏறக்குறைய இணையானது. காரைக்குடியில் பழைய வீடுகளைப் பிரித்த மரம் விற்கும் கடையில், பல தலைமுறை வெயிலும் மழையும் கண்டு உலர்ந்த பர்மா தேக்கு நிலை ஒன்று கிடைத்தது. அதை அறுத்து, இழைத்து, முழு உடலையும் புதிதாகக் கட்ட மூன்றரை மாதம் ஆனது. சேஞ்சர், தண்டுகள், கம்பிகள் எல்லாவற்றையும் பழைய உடலிலிருந்து கழற்றி அப்படியே பொருத்தினோம்.

நான்காம் தந்தி 8 சென்ட் இறங்கியது.

மூன்றரை மாத உழைப்புக்கு ஒரு சென்ட். அன்று மாமா கொட்டகையைப் பூட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு வாரம் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. பிழை எங்கே என்று எழுதிவைத்திருந்த குறிப்புகளை மீண்டும் படித்தபோதுதான், பலா உடலிலேயே நாங்கள் கவனிக்கத் தவறிய ஓர் எண் கண்ணில் பட்டது. நான்காம் தந்தி 9 சென்ட் இறங்கிய அதே மிதிப்பில், எட்டாம் தந்தி 5 சென்ட்தான் இறங்கியிருந்தது. இரண்டுமே ஈ, ஒன்று ஒரு ஸ்தாயி தாழ்ந்தது, அவ்வளவே. எட்டாம் தந்தி சுற்றுக் கம்பியானாலும் அதன் நடுக்கம்பி நான்காம் தந்தியின் தடிப்பை ஒத்திருப்பதால், தளர்வுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இறங்க வேண்டும். உடல் முழுவதும் வளைந்தால் இவ்வளவு வேறுபாடு எப்படி வரும்?

இதைச் சோதிக்க மிதிகளையே விலக்கி வைத்தோம். ஐந்தாம் தந்தியைச் சாவியைத் திருகிக் கையாலேயே சி ஷார்ப்புக்கு ஏற்றினோம். நான்காம் தந்தி 4 சென்ட் இறங்கியது. ஐந்தாம் தந்தியை மறுபடி இறக்கிவிட்டு, ஏறக்குறைய அதே அளவு இழுவை கூடும் பத்தாம் தந்தியைக் கையால் ஏற்றினோம். நான்காம் தந்தி ஒரு சென்ட் கூட இறங்கவில்லை. பக்கத்துத் தந்தியின் இழுவை பாதிக்கிறது, தொலைவிலுள்ள தந்தியின் அதே இழுவை பாதிக்கவில்லை. உடல் வளைந்தால் எந்தத் தந்தி இழுத்தாலும் வளைய வேண்டும். அப்படியானால் வளைவது, பத்துத் தந்திகளும் வரிசையாக ஏறி நிற்கும் ஏதோ ஒன்று.

டயல் கேஜை முதலில் உடலில் வைத்தோம். தலைப்பகுதியில் பொருத்திய ஓர் உருக்குத் தண்டின் மறுமுனையில் கேஜைக் கட்டி, அதன் ஊசியைச் சேஞ்சரின் பக்கத் தகட்டில் தொட வைத்து இரண்டு மிதிகளையும் மிதித்தபோது, முள் ஒரே ஒரு கோடு, 0.01 மி.மீ., நகர்ந்தது. 8 சென்டுக்கு 0.04 மி.மீ. வேண்டும். பிறகு ஊசியைத் தகட்டிலிருந்து எடுத்து, நான்காம் விரலில், அச்சுக்கு நேரான இடத்தில் வைத்தோம். முள் நான்கு கோடுகள் நகர்ந்தது. காணாமற்போன மூன்று கோடுகள் தகட்டுக்கும் விரலுக்கும் நடுவில் இருந்தன. அங்கே இருப்பது அச்சு ஒன்றுதான்.

மாமா முள்ளைப் பார்த்துக்கொண்டே, "மாப்ளே, பாவம், மரத்து மேல பழியப் போட்டுட்டோம்" என்றார்.

அச்சு 6 மி.மீ. தடிப்புள்ள, கடினமாக்கிய உருக்கு. அது மிகவும் கெட்டியானது என்பதால்தான் அதன் மேல் சந்தேகமே வரவில்லை. இங்கே இருவருமே ஒரு பிழையான எண்ணத்தில் இருந்தோம், அதை விரித்து எழுதுவது பிறருக்குப் பயன்படும். உருக்கைக் கடினமாக்கினால் அது தேய்வது குறையும், நிரந்தரமாக வளைந்துபோவதற்கு அதிக விசை தேவைப்படும்; ஆனால் சுமை ஏறும்போது வளைந்து, இறங்கும்போது நிமிரும் அந்த மீள் வளைவில், கடினமாக்கிய உருக்குக்கும் சாதாரண உருக்குக்கும் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். தாங்கும் இடைவெளி மாறாதபோது அதைக் குறைப்பது தடிப்பு மட்டுமே, அதுவும் நான்காம் அடுக்கில். இரு முனைகளில் மட்டும் தளர்வாகத் தாங்கப்பட்ட 6 மி.மீ. அச்சு, 95 மி.மீ. இடைவெளியில் 120 கிலோ பரவிய சுமையைத் தாங்கினால் நடுவில் ஏறக்குறைய 1 மி.மீ. வளையும் என்று கணக்கு சொல்கிறது. இரண்டு மிதிகளும் கூட்டும் இழுவை மொத்தம் 8 கிலோ, அதாவது அந்தச் சுமையில் பதினைந்தில் ஒரு பங்கு. எனவே கூடுதல் வளைவு 0.07 மி.மீ. எங்கள் தகட்டுத் துளைகள் அச்சை ஓரளவு இறுக்கிப் பிடித்திருந்ததால் அதில் பாதிக்கும் குறைவாகக் கேஜில் தெரிந்தது. வளைவு நடுவில் மிகுந்தும் ஓரத்தில் குறைந்தும் இருக்கும் என்பதால் நான்காம் தந்தி எட்டாம் தந்தியைவிட அதிகம் இறங்கியதற்கும், பத்தாம் தந்தியின் இழுவை உறைக்காததற்கும் விடை கிடைத்தது.

அச்சை 10 மி.மீ. ஆக்கினால், பத்தை ஆறால் வகுத்து நான்கு முறை பெருக்கிய அளவில், வளைவு 7.7 மடங்கு குறைய வேண்டும். பத்து விரல்களின் துளைகளையும் கே.புதூர் பட்டறையில் ரீமர் போட்டுப் பெரிதாக்கி, புதிய அச்சைக் கோத்து, தந்திகளை ஏற்றி மிதித்தபோது, நான்காம் தந்தி 3 சென்டும் எட்டாம் தந்தி 2 சென்டும் இறங்கின. புதிய அச்சுக்கு ஆன செலவு, தேக்கு நிலையைக் காரைக்குடியிலிருந்து ஏற்றிவந்த வண்டி வாடகைக்குக்கூட ஈடாகாது. பலா உடலிலேயே இந்த அச்சைப் போட்டிருந்தால் 4 சென்டில் நின்றிருக்கும் என்று மதிப்பிடுகிறேன். தேக்கு வீணாயிற்று என்று சொல்ல மாட்டேன். அதன் ஒலி நீண்டு நிற்கிறது. ஆனால் கட்டிய காரணத்துக்காக அது தேவைப்படவில்லை.

இந்த அளவுகளை எல்லாம் காலை ஆறு மணியளவில், மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுத்தோம். மதுரைச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் மதியம் வரும்போது எல்லாத் தந்திகளும் கீழே போய்விடுகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் 700 மி.மீ. உருக்குத் தந்தி 0.08 மி.மீ. நீள்கிறது, தேக்கு இழைவாக்கில் அதில் பாதிகூட நீள்வதில்லை. மைக்ரான் கணக்கில் அந்த வேறுபாடு பெரிது. முதல் வாரங்களில் நேரத்தைக் குறிக்காமல் எடுத்த அளவுகளை இதனால்தான் ஒதுக்கிவிட்டோம்.

சுருதி சேர்ப்பதிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. மின் டியூனர் காட்டும் சம இடைவெளியில் ஜி ஷார்ப், ஈ-யிலிருந்து 400 சென்ட். சுருதிப் பெட்டியோடு ஒட்டி நிற்கும் அந்தர காந்தாரம் 386 சென்ட். பெடல் ஸ்டீல் வாசிப்பவர்களில் பலர் மூன்றாம், ஆறாம் தந்திகளை டியூனர் சொல்வதைவிடத் தாழ்த்தியே வைக்கிறார்கள். நம் காது கேட்பதும் அதையே. சி ஷார்ப்பையும் அவ்வாறே, மிதித்த நிலையில் ஏ-வுக்கு அது அந்தர காந்தாரமாக ஒட்டும்படி நைலான் திருகைத் திருப்பி வைத்தேன். மூன்றாம் தந்தி மட்டும் இன்னும் தொல்லை தருகிறது. 0.28 மி.மீ. தடிப்பில் ஏ வரை ஏறும் அது, உருக்குக் கம்பி தாங்கும் எல்லையை நெருங்கியே வேலை செய்கிறது. விரலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் அங்கேயே அறுகிறது. திண்டுக்கல்காரர் தீட்டிய பளபளப்பை மாதம் ஒருமுறை மெட்டல் பாலிஷ் போட்டுப் புதுப்பித்த பிறகு, வாரத்துக்கு ஒன்று என்று அறுந்தது, மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது.

இப்போது கருவியில் மூன்று மிதிகளும் இரண்டு முழங்கால் நெம்புகளும் இயங்குகின்றன. இரண்டாம் தந்தியை டி-க்கும் ஒன்பதாம் தந்தியை சி ஷார்ப்புக்கும் இறக்கும் மூன்றாவது நெம்புக்கான இரண்டு பெல் கிராங்குகள் மாமாவின் வைஸில் இறுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இரண்டு விரல்களுக்கும் இறக்கத் துண்டு செதுக்க வேண்டும். அதற்கு அடுத்த வாரம் திண்டுக்கல் போகிறோம்.